ஒலிபெருக்கியும் உழைப்பவர் குரலும்

அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் காமன் கூத்துக்கு நாள் குறிக்கக் கூடும் போதெல்லாம் தவறாது எழும் கேள்வி ஒன்றுண்டு. “இந்த வருஷம் மைக்செட்டு யாருக்கிட்ட சொல்றது?” என்பதே அது. ரதியாக ஆடுபவன் யார், தூதனாக வருபவன் யார் என்பனவெல்லாம் விரைவில் முடிவாகிவிடும். மைக்செட் பற்றிய விவாதம் மட்டும் எளிதில் முடிவதில்லை. பெரிய பெட்டி வேண்டும் என்பான் ஓர் இளைஞன். போன வருஷம் பெட்டி பெரிதாகத்தான் இருந்தது, பாட்டுத்தான் விளங்கவில்லை என்பார் ஒரு பெரியவர். வாடகை எவ்வளவு, சந்தா எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார் மற்றொருவர். இறுதியில், சென்ற ஆண்டு வந்த அதே செட்டே மறுபடியும் வந்து சேரும், கூத்தின் நடுவில் அது கூவென்று அலறும், பாடுபவன் வாய் அசையும், சொல் கேளாது.

இதனை ஒரு சாமான் வாங்கும் விஷயமென்று கருதி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றில் எக்குரல் உரத்து ஒலித்தது, எக்குரல் அமுக்கப்பட்டது, எக்கருவி யார் கையில் இருந்தது என்ற கேள்விகளெல்லாம் இந்தச் சிறு விவாதத்தின் பின்னால் நிற்கின்றன. ஆகவே, ஊவா மலைத் தோட்டங்களில் ஒலி வளர்ந்த கதையைச் சற்றுத் திரும்பிப் பார்த்துவிட்டு, பின்னர் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு வருவதே முறையாகும்.

1

அப்புத்தளை கடல்மட்டத்தினின்றும் ஏறத்தாழ 4700 அடி உயரத்திலுள்ள ஒரு மலைக் கணவாய். ஒருபுறம் தென்திசைத் தாழ்நிலங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். மறுபுறம் ஊவாவின் மேட்டுநிலம் அலையலையாகப் புரளும். 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் இங்குத் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893இல் புகைவண்டி அப்புத்தளையை அடைந்தது. 1924இல் பதுளையை எட்டியது. தண்டவாளம் கொழுந்தைக் கீழே கொண்டுபோகப் போடப்பட்டதேயன்றி, மேலே இருந்த மனிதரின் செய்தியைக் கீழே கொண்டுபோகப் போடப்பட்டதன்று. தேயிலையின் பெயர் இலண்டன் மாநகரின் கடைத்தெருக்களில் ஒலித்தது. அதனைக் கிள்ளிய கைகளுக்குரியவர்களின் பெயர் பக்கத்து நகரத்திலும் ஒலிக்கவில்லை.

அக்காலத் தோட்டத்தில் பொழுது விடிவதைச் சேவல் அறிவிக்கவில்லை, தப்பு அறிவித்தது. இருள் பிரியுமுன் அடிக்கப்பட்ட அந்த ஓசைக்குப் பிரட்டுத் தப்பு என்று பெயர். அதைக் கேட்டதும் லயத்துக் காம்பிராவில் அடுப்பு மூட்ட வேண்டும்; பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவுக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்; பிரட்டுக் களத்தில் வரிசையில் நிற்க வேண்டும். தாமதித்தவருக்கு அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையென்றால் கூலி இல்லை. ஆகவே தோட்டத்தில் முதன்முதல் ஆட்சி செலுத்திய ஒலிக்கருவி தப்பே எனலாம். அக்கருவியைச் செய்தவனும் தொழிலாளி, அடித்தவனும் தொழிலாளி, ஆயினும் அது பேசிய பேச்சு துரையின் பேச்சாக இருந்தது.

எனினும் அதே தப்புத்தான் பொழுது சாய்ந்த பின் மக்களின் பேச்சையும் பேசியது. கலியாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி என்று தோல் ஒன்றே பல மொழிகளைப் பேசிற்று. தப்பின் தாளத்தைக் கேட்ட மாத்திரத்திலேயே, அடுத்த மலையிலுள்ள லயத்தார் இன்ன காரியம் நடக்கிறது என்று அறிந்துகொண்டனர். தபாலும் தந்தியும் எட்டாத இடத்தில் தப்பு செய்தியாளனாகவும் இருந்தது.

அதனை அடித்தவனின் நிலை யாது? ஊரிலிருந்து கப்பலேறி வந்த சாதி, தோட்டத்திலும் லயவரிசையிலேயே குடியேறியது. எல்லோருடைய சாவுக்கும் தப்படித்தவன் எல்லோருடைய திண்ணையிலும் அமர முடியவில்லை. அவனுடைய கலையின்றி எந்தச் சடங்கும் நடவாது. ஆனால் அச்சடங்கு முடிந்ததும் அவன் ஒதுங்கி நிற்க வேண்டும். இந்த முரண்பாட்டை மறைத்துவிட்டு மலையகத்து ஒலியின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

கருவியைத் தேர்வோர் தப்பினிடம் கற்க வேண்டிய பாடமொன்றும் உண்டு. மரவளையத்தில் இழுத்து ஒட்டிய தோல், ஈரக்காற்றில் தளரும். அப்புத்தளை மூட்டத்தில் அரைமணி நேரம் வைத்திருந்தால் அதன் குரல் இறங்கிவிடும். ஆகவே தப்படிப்போர் சருகும் வைக்கோலும் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, சுதி ஏறிய பின்னரே களத்தில் இறங்குவர். இடத்தின் இயல்பறிந்து கருவியை அதற்கேற்பப் பழக்குதல் என்ற இந்த அறிவு எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததன்று. இன்று இலட்சக்கணக்கில் செலவிட்டு ஒலிச்சாதனம் வாங்குவோரில் எத்தனை பேர் மூடுபனியைப் பற்றி ஒரு கணமேனும் எண்ணுகின்றனர்?

2

ஒலிபெருக்கி வருவதற்கு முன்னர்க் கலைஞர்கள் எவ்வாறு கேட்கப்பட்டனர்?

தமிழ் நாடக மேடையில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நடிகர்கள் குரலையே கருவியாக்கினர். கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் எட்ட வேண்டும் என்பதால் உச்சக் கட்டையில் பாடினர். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் அவ்வழியில் வந்தவர்களே. அந்தக் குரலோங்கிய பாட்டு வெறும் அழகுக்காகப் பிறந்ததன்று; ஆயிரம் பேர் கேட்க வேண்டிய தேவையிற் பிறந்தது.

காமன் கூத்தும் அத்தகையதே. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தொடங்கி, சிவனது தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் எரிந்து சாம்பலாவதையும், ரதி புலம்புவதையும், அவன் மீண்டும் எழுவதையும் ஆடிக் காட்டும் இக்கூத்துக்கு மேடையில்லை, திரையில்லை. ஊர் முழுவதும் வட்டமாக நிற்கும். ஆடுபவன் வட்டத்தைச் சுற்றிவருவான். ஒரு பக்கத்தாருக்குக் கேளாத அடியை மறு பக்கம் வந்து மீண்டும் பாடுவான். பின்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடுவர். ஓர் அடியை இருமுறை, மும்முறை பாடும் மரபைக் கண்டு, இது வளர்ச்சியடையாத கலை என்று மூக்கைச் சுளித்த படிப்பாளிகளும் உண்டு. உண்மையில் அந்த வட்டம், அந்தச் சுற்று, அந்தத் திரும்பப் பாடல் ஆகிய மூன்றுமே ஒலியை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவதற்கு மக்கள் கண்ட உபாயங்களாகும்.

அரசியற் குரலும் இவ்வழியிலேயே தோட்டத்துள் நுழைந்தது. தோட்டம் துரையின் தனிச்சொத்து. வெளியார் அனுமதியின்றி உள்ளே காலடி வைத்தால் அத்துமீறல் குற்றம். இந்த வேலியைத் தாண்டியவருள் முதன்மையானவர் கோ. நடேசய்யர். புடவை வியாபாரியின் வேடத்தில் அவர் தோட்டங்களுக்குள் சென்றுவந்தார் என்று மலையகத்தில் இன்றும் பேசப்படுகிறது. 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் கண்ட அவர், 1937இல் ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ என்ற நாடகத்தை வெளியிட்டார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். தொழிலாளர் படும் துயரைப் பாட்டாக்கி 1940இல் நூலாகவும் தந்தார். எழுத்தறியாத மக்களிடம் துண்டுப்பிரசுரம் சாதிக்காததை, அவர்களுக்குப் பழகிய மெட்டில் அமைந்த பாட்டு சாதித்தது. ஒரு பெண், ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் கூடிய வெளியில் நின்று, தன் குரல்வளையை மட்டுமே நம்பிப் பாடினாள் என்பதை நாம் மறத்தலாகாது.

1940ஆம் ஆண்டு மலைநாடு கொந்தளித்த ஆண்டு. சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். வேலைநிறுத்த அலை ஊவாவுக்கும் பரவிற்று. பதுளையில் கூட்டங்கள் நடத்தலாகாதென நீதவான் தடையுத்தரவு பிறப்பித்தார். அத்தடையை மீறி மே 12ஆம் நாள் என். எம். பெரேரா பதுளையில் பெருங்கூட்டத்தில் பேசினார். வெவஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். சட்டத்தையும் ஒழுங்கையும் நிலைநாட்ட வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் பறித்தனர். அதிகாரம் எதனைக் கண்டு அஞ்சியது? ஆயுதத்தைக் கண்டல்ல, முதலில் கூட்டத்தைக் கண்டு. கூட்டத்தில் எழும் குரலைக் கண்டு. ஆகவேதான் அது முதலில் குரலுக்குத் தடை போட்டது.

3

குரலைப் பெருக்கும் கருவி உலகின் வேறொரு மூலையில் அதற்குமுன்னரே உருவாகியிருந்தது. பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இருவர் அமெரிக்காவில் காந்தத்தினிடையே அசையும் கம்பிச் சுருளுடன் ஒரு கொம்பைப் பொருத்தி, 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்திய இரவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் பெருங்கூட்டத்துக்கு இசையும் பேச்சும் கேட்கச் செய்தனர். அதற்கு அவர்கள் வைத்த மாக்னவாக்ஸ் என்ற பெயருக்கு இலத்தீன் மொழியில் ‘பெருங்குரல்’ என்று பொருள். 1919இல் அந்நாட்டின் தலைவர் வில்சன் அக்கருவியின் துணையால் பல்லாயிரவருக்கு முன் பேசினார். 1925இல் ரைஸ், கெலாக் என்ற பொறியியலாளர் இருவர், கொம்பின்றியே தாட்கூம்பு அசைந்து ஒலி தரும் முறையைச் செம்மைப்படுத்தினர். இன்றைய ஒலிப்பெட்டிகளெல்லாம் அந்தக் கூம்பின் பேரப்பிள்ளைகளே.

இந்தியாவில் 1930களின் காங்கிரஸ் மாநாடுகளில் ஞான்சந்த் மோட்வானே என்பவரது சிகாகோ ரேடியோ நிறுவனத்துக் கருவிகள் ஒலித்தன. பெயர் அமெரிக்கப் பெயர்; நிறுவனம் இந்திய நிறுவனம். அதே பத்தாண்டில் ஜெர்மனியில் இட்லரின் வெறிப்பேச்சுக்கும் அதே வகைக் கருவியே துணை நின்றது. கருவிக்குக் கொள்கையில்லை, அதனைப் பிடித்திருக்கும் கைக்கே கொள்கையுண்டு. இந்த உண்மையை நாம் எப்பொழுதும் நினைவில் நிறுத்த வேண்டும்.

இலங்கையில் 1925 திசம்பரில் கொழும்பு வானொலி தொடங்கிற்று. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கவே, திரைப்பாட்டு வீட்டுக்கு வீடு புகுந்தது. தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் வெகுகாலம் எட்டவில்லை. தொழிற்சாலையில் இயந்திரம் ஓடியது. துரை பங்களாவில் விளக்கு எரிந்தது. லயத்தில் மண்ணெண்ணெய்க் குப்பிலாம்பு புகைந்தது. ஆகவே மைக்செட் நகரத்திலிருந்து மின்கலத்துடன் வந்தது. வால்வுகள் செந்நிறமாகக் கனலும் பெருக்கிப் பெட்டி, இசைத்தட்டுச் சுழலும் பெட்டி, கரிமணி ஒலிவாங்கி, சவுக்கு மரத்தின் உச்சியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி என்ற நான்கும் சேர்ந்ததே அக்கால மைக்செட். அந்தக் குழாய் காலையில் சாமிப்பாட்டுடன் வாய் திறந்தால், பள்ளத்தாக்கின் மறுகரை வரை திருவிழாச் செய்தி சென்றது.

இவ்வளவு சிறிய பெட்டி அவ்வளவு தூரம் கேட்கக் காரணம் யாது? திறந்த கூம்பு ஒலிபெருக்கி, தனக்குக் கிடைக்கும் மின்னாற்றலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கையே ஒலியாக்கும். மிச்சமெல்லாம் வெப்பமாகப் போகும். கொம்பு வாயோ அதனிலும் பன்மடங்கு கூடுதலாக ஒலியாக்கும். அதனாற்றான் சில வாட் ஆற்றலும் ஒரு மின்கலமும் போதுமாயின. ஆனால் இதற்கொரு விலையுண்டு. சிறு கொம்பு மனிதப் பேச்சின் நடுச்சுருதியை மட்டும் தூக்கிக் கொடுக்கும். தாழ்ந்த ஓசைகளை விழுங்கிவிடும். மேடைப் பேச்சுக்கு அது போதும். தப்பின் ஆழ்ந்த முழக்கமோ அதன்வழியே வரும்போது தகரத்தைத் தட்டுவது போலாகிவிடும்.

தொழிற்சங்க மேடைக்கு இக்கருவி பெரும் வரமாயிற்று. 1939இல் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரசும் அதனையடுத்து வந்த சங்கங்களும் மே தினத்தில் மலையுச்சியிலிருந்து பேசியபோது, மூன்று டிவிசன் தொழிலாளரும் ஒருங்கே கேட்டனர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் இம்மக்களை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களைக் கேளாமலே இவர்களைத் தலைக்கணக்கிட்டுப் பங்கிட்டது. சட்டசபையிற் குரலிழந்த மக்களுக்குச் சவுக்கு மரத்தில் கட்டிய குழாய்தான் குரலாக எஞ்சியது என்று கூறின் அது மிகையாகாது.

4

ஆயினும் வந்தது அனைத்தும் வரவன்று. ஒலிபெருக்கியால் நேர்ந்த இழப்பையும் நாம் எடைபோட வேண்டும்.

முதலாவது, வட்டம் உடைந்தது. ஒலிவாங்கி ஒரு கம்பத்தில் நட்டுவைக்கப்பட்டதும், சுற்றிவந்து ஆடியவன் அதன்முன் வந்து நின்றுவிட்டான். ஆட்டம் பாட்டுக்காகக் காத்து நின்றது. பின்னால் நின்ற சனங்கள் முன்பக்கம் வந்து கூடினர். நாற்றிசையும் பார்த்த கலை ஒரு திசை பார்க்கலாயிற்று.

இரண்டாவது, தப்பு பின்தள்ளப்பட்டது. இசைத்தட்டும் பின்னர் ஒலிநாடாவும் உரத்து முழங்கிய வேளையில், தப்புக்காரனுக்கு முறை குறைந்தது. இழிதொழிலென்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், நாம் இனித் தப்பைத் தொடோம் என்று கூறியதில் நியாயம் உண்டு. அது சுயமரியாதையின் குரல். ஆனால் இயந்திரம் தப்பை நீக்கியதேயன்றித் தப்படித்தவன் மீதிருந்த சாதிப் பழியை நீக்கவில்லை. பழியை வைத்துக்கொண்டு கலையை மட்டும் கைவிடுதல் விடுதலையாகுமா? பிற்காலத்தில் மலையகத்து இளைஞர் சிலர் தப்பை மேடையேற்றி, இது எங்கள் உழைப்பின் இசை என்று தலைநிமிர்ந்து அடித்தபோதுதான் சரியான விடை பிறந்தது.

மூன்றாவது, உரத்த ஒலியே சிறந்த ஒலி என்ற மயக்கம் பரவிற்று. ஒரு கோயிலில் நான்கு குழாய் கட்டினால் அடுத்த கோயிலில் ஆறு. கடன்பட்டுக் கட்டிய அந்தக் குழாய்களில் ஒலித்தது யாருடைய பாட்டு? சென்னைப் படக்கம்பெனியின் பாட்டு. தன் சொந்தக் கூத்து வாத்தியாரின் பாட்டு நூறு பேருக்குக்கூடத் தெளிவாக எட்டவில்லை. இரைச்சல் பெருகியது, பேச்சுச் சுருங்கியது.

நான்காவது, பக்கத்தில் வாழ்வோரின் உறக்கமும் ஓர் உரிமையே. 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கி வழக்கொன்றில், பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி தரலாகாது என்றும், சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு விலக்களிப்பினும் ஓசை அவ்விடத்தின் எல்லைக்குள் அடங்க வேண்டும் என்றும் வழிவகுத்தது. விடியவிடிய ஆடும் கூத்துக்கு இது தடையென்று சிலர் வருந்தினர். ஆழ்ந்து நோக்கின், களத்துக்குள் தெளிவாகவும் களத்துக்கு வெளியே அடங்கியும் ஒலிக்க வேண்டும் என்ற இக்கட்டளை, கூத்தின் பழைய வட்டத்துக்கே நம்மைத் திருப்பி அழைக்கின்றது.

5

இனி, எதனைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு வருவோம். வரலாறு கற்பித்த பாடங்களே இங்கும் வழிகாட்டுகின்றன.

முதலில் களத்தை அளக்க வேண்டும். பிறகுதான் கருவியைப் பார்க்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலி ஆறு டெசிபெல் குறைகிறது. பெட்டியின் ஆற்றலை இரட்டித்தாலோ மூன்று டெசிபெல்தான் கூடுகிறது. அதாவது, 500 வாட் பெட்டிக்குப் பதில் 1000 வாட் பெட்டி கொண்டுவந்தாலும் காதுக்குச் சிறிது கூடுதலாகத் தோன்றுமேயன்றி இருமடங்காகக் கேளாது. எனவே, ஒரு மூலையில் ஒரு பூதத்தை நிறுத்துவதிலும், சனங்களுக்கு அருகில் சிறு பெட்டிகள் சிலவற்றை வைப்பதே அறிவு. வாட் என்று பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணையும் அப்படியே நம்பலாகாது. ஒரு நொடி தாங்கும் உச்ச ஆற்றல் வேறு. மணிக்கணக்கில் தாங்கும் தொடர் ஆற்றல் வேறு. விற்பவர் முன்னதைச் சொல்வார். வாங்குபவர் பின்னதைக் கேட்க வேண்டும்.

மலையென்பது சுவர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். எதிர்மலைச் சரிவு 170 மீற்றரில் இருந்தால், பாடிய சொல் ஒரு நொடி கழித்து மீண்டு வந்து அடுத்த சொல்லை மிதிக்கும். ஆகவே ஒலிபெருக்கியின் முகத்தை எதிர்மலையை நோக்கித் திருப்பாமல், சற்று உயரத்தில் வைத்துக் கீழே சனங்களின் தலையை நோக்கிச் சாய்க்க வேண்டும். மனிதவுடல் ஒலியை உறிஞ்சும், பாறை உறிஞ்சாது. 34 மீற்றருக்கு அப்பால் இரண்டாவது பெட்டி வைத்தால், முதற்பெட்டியின் ஒலி அங்கு நொடியின் பத்திலொரு பங்கு பிந்தி வந்து சேரும். இக்கால இலக்கமுறைக் கலவைப் பலகைகளில் இரண்டாவது பெட்டியின் ஒலியை அவ்வளவு தாமதிக்கச் செய்யும் வசதியுண்டு. அந்த வசதியில்லையேல் பெட்டிகளைக் கிட்டக்கிட்ட வைத்து ஓசையைத் தாழ்த்திக்கொள்க.

இரண்டாவது, ஒலிவாங்கி. மின்னூட்டம் வேண்டும் நுண்ணிய ஒலிவாங்கிகள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு உகந்தவை; மழைக்கும் புழுதிக்கும் கைதவறி விழுவதற்கும் ஈடுகொடாதவை. காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட இயங்குசுருள் ஒலிவாங்கியே களத்துக்கு உரியது. 1966இல் வெளிவந்த ஷூர் எஸ்எம் 58 என்ற ஒலிவாங்கி இன்றளவும் உலக மேடைகளில் நிலைத்திருப்பதற்கு அதன் நயத்தினும் அதன் முரட்டுத்தனமே காரணம். புகழ்பெற்ற பெயர்களுக்குப் போலியும் மிகுதி; எனவே பெயரைப் பார்த்தன்று, பாடிப் பார்த்து வாங்க வேண்டும். முன்னால் வரும் ஒலியை மட்டும் வாங்கிப் பின்னால் வருவதைத் தள்ளும் வகையே வேண்டும். பாடுபவன் அதனை வாயிலிருந்து மூன்று விரற்கடைத் தூரத்தில் பிடித்துப் பழக வேண்டும். கம்பியில்லா ஒலிவாங்கி ஆடுபவனுக்கு வட்டத்தைத் திருப்பித் தருகிறது, அது பெருநன்மை. ஆனால் அதன் மின்கலம் நடுக்கூத்தில் உயிர்விடும். கம்பியுள்ள ஒன்றைத் துணைக்கு வைக்காதவன் வருந்துவான்.

தப்புக்கு ஒலிவாங்கி வேண்டுமா? சிறு களத்தில் வேண்டாம். தப்பு தன் குரலைத் தானே சுமக்கும். பாட்டை மட்டும் தப்பின் அளவுக்கு உயர்த்தினால் போதும். பெருங்களத்திலாயின் ஒரு முழத் தூரத்தில் தனி ஒலிவாங்கி வைக்கலாம். அப்போது தாழ்ந்த ஓசையையும் தரவல்ல பெரிய கூம்புப் பெட்டி தேவை. குழாயை அறிவிப்புக்கு வைத்துக்கொள்க.

மூன்றாவது, அலறல். பெட்டியிலிருந்து வெளிவந்த ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து, பெருகி, மறுபடியும் புகுந்து சுழல்வதே அந்தக் கூவென்ற ஓசை. இதற்குக் கருவியைப் பழித்துப் பயனில்லை. பெட்டிகள் பாடுபவனுக்கு முன்னே இருக்க வேண்டும். ஒலிவாங்கியின் முதுகு அவற்றை நோக்க வேண்டும். பயன்படாத ஒலிவாங்கியை மூடிவைக்க வேண்டும். திறந்திருக்கும் ஒலிவாங்கி ஒவ்வொன்றும் அலறலுக்கு ஒரு கதவு.

நான்காவது, மின்சாரம். லயத்துக்கு வரும் கம்பியின் கடைசி முனையில் 230 வோல்ட் என்பது பெரும்பாலும் ஏட்டுக் கணக்கே. எல்லோரும் விளக்குப் போடும் நேரத்தில் அது இறங்கும். மின்னழுத்தச் சீராக்கியும் முறையான நிலத்தொடுப்பும் இன்றி எந்தப் பெருக்கியையும் இயக்கலாகாது. ஈரத்தரையில் வெறுங்காலுடன் ஆடுபவன் கையில் உலோக ஒலிவாங்கியைக் கொடுக்கிறோம் என்பதை நினைவிற் கொள்க. இது சங்கீத விஷயமன்று, உயிர் விஷயம். கம்பி நெடுந்தூரம் செல்ல வேண்டுமாயின், நூறு வோல்ட் வழிமுறையைக் கேட்டு வாங்க வேண்டும். அழுத்தத்தை உயர்த்தி ஓட்டத்தைக் குறைப்பதால் கம்பியிலேயே வீணாகும் ஆற்றல் வெகுவாகக் குறைகிறது. மின்நிலையத்திலிருந்து ஊருக்கு மின்சாரம் வருவதும் இதே தத்துவத்தாற்றான்.

ஐந்தாவது, ஈரம். குளிர்ந்த வண்டியிலிருந்து இறக்கிய பெட்டியைச் சனம் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்தவுடன், அதன் உட்புறத்தில் பனி பூக்கும். அப்போதே மின்சாரம் கொடுத்தால் கேடு. அரைமணி நேரம் திறந்து வைத்து உலரவிட்டு இயக்குக. தாட்கூம்பு பூஞ்சணம் பிடிக்கும். நீர் தாங்கும்படி பூசப்பட்ட கூம்பு நீடிக்கும். தப்பை அனலில் காய்ச்சிய பாட்டனுக்கு இந்த விதியை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆறாவது, பழுது. எதுவும் ஒருநாள் பழுதாகும். எனவே நம்பத்தக்க கருவி என்பது பழுதாகாத கருவியன்று. பழுதானால் பண்டாரவளையிலோ பதுளையிலோ உதிரிப்பாகமும் திருத்துபவரும் கிடைக்கக்கூடிய கருவியே. நூதன வசதிகள் பல கொண்டு, கொழும்புக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய கருவியிலும், ஊரிலுள்ள பையன் பற்றாசு வைத்துத் திருத்தக்கூடிய எளிய கருவி மேலானது. மேடைகளில் பெரும்பாலும் முதலில் செத்துப்போவது பெருக்கியன்று, கம்பியும் முனையுமே. ஒன்றுக்கு இரண்டு கம்பி வைத்திருப்பவன் கூத்தைக் காப்பாற்றுகிறான்.

இவையனைத்துக்கும் மேலாக ஒரு சோதனை உண்டு. அதற்கு எந்த அளவுகருவியும் வேண்டியதில்லை. களத்தின் கடைசி மூலையில் ஒரு பாட்டியை உட்காரவைத்து, பாடகனை நான்கு அடி பாடச் சொல்லுங்கள். பிறகு போய்க் கேளுங்கள்: “பாட்டி, என்னா பாடுனாருன்னு வெளங்குச்சா?” அந்தப் பாட்டி அடியைத் திருப்பிச் சொன்னால் அக்கருவியை எடுக்கலாம். “சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி” என்று மட்டும் சொன்னால் அதனைத் திருப்பி அனுப்புங்கள்.

6

கருவியைத் தேர்வது போலவே அது யாருடைய உடைமை என்பதும் முக்கியமானது. ஆண்டுதோறும் திருவிழாவுக்கு வாடகை கொடுப்பவர், சில ஆண்டுகளில் ஒரு கருவியின் விலையையே கொடுத்துவிடுகின்றனர். ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அடுத்தடுத்த டிவிசன்கள் சந்தா சேர்த்து, பொதுவில் ஒரு சிறிய செட்டை வாங்கி, பெண்பிள்ளைகள் உட்பட இளைஞர் நாலைந்து பேருக்கு அதனை இயக்கவும் திருத்தவும் கற்பித்தால், காமன் கூத்து, பள்ளிக்கூட விழா, மரண வீடு, சங்கக் கூட்டம் அனைத்துக்கும் அது உதவும். எல்லா டிவிசன்களுக்கும் ஒரே நாளில் திருவிழா வராதபடி நாள் வகுத்துக்கொள்வது மனிதரால் முடியாத காரியமன்று.

அதற்கு மற்றொரு தேவையும் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள கொஸ்லந்த மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் பாதுகாப்பான நிலமும் வீடும் அம்மக்களுக்கு உரிய காலத்தில் கிடைக்கவில்லை. ஒலிபெருக்கி மலைச்சரிவைத் தடுக்காது. நிலவுரிமைக்கு அது ஈடுமாகாது. ஆனால் மழை கொட்டும் இரவில், மின்சாரம் அறுந்த வேளையில், மின்கலத்தில் இயங்கும் ஒரு குழாயும் அதனை இயக்கத் தெரிந்த ஒருவனும் தோட்டத்திலேயே இருப்பது சில உயிர்களையேனும் எழுப்பக்கூடும். ஆகவேதான் பழைய குழாயைக் கழித்து எறியாதீர்கள் என்கிறோம். பாட்டுக்குக் கூம்பு, எச்சரிக்கைக்குக் கொம்பு.

2023இல் மலையக மக்கள் தங்கள் இருநூற்றாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்துவந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். இருநூறு ஆண்டுகளாக இவர்கள் கேட்டுக்கொண்டிருந்தவை பிறர் ஒலிகள்: பிரட்டுத் தப்பின் ஆணை, தொழிற்சாலைச் சங்கின் ஆணை, தேர்தல் மேடையின் வாக்குறுதி. தங்கள் நிலத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் தாங்களே பேசுவது இன்னும் பிறர் காதுக்கு முழுதாக எட்டவில்லை.

அடுத்த மாசியில் லயத்து வாசலில் மீண்டும் அந்தக் கேள்வி எழும். அப்போது எத்தனை பெட்டி என்று கேட்பதற்கு முன், யாருடைய சொல், எவ்வளவு தெளிவாக, எவர் வரை எட்ட வேண்டும் என்று கேட்போமாக. விடை தெரிந்துவிட்டால் கருவி தானே அமையும்.